சினிமா கார்களின் நகல்: கொடுக்கிற விலைக்குத் தகுமா?

பழைய படங்களில் பேர் வாங்கிய கார்களைப் போலவே செய்து விற்பது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் தொழில். ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்து ஆஸ்டன் மார்ட்டின், ‘புல்லிட்’ படத்து மஸ்டாங், ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்து டிலோரியன், 1966-ம் ஆண்டு பேட்மொபைல் ஆகியவை இந்தத் தொழிலில் என்றும் ஓடும் சரக்குகள். வெள்ளை பீட்டில் ஒன்றைப் பிடித்து 53 என்ற எண்ணை ஒட்டி ‘ஹெர்பி’ ஆக்கிவிடுவது வாரக் கடைசி வேலை. அதே தொழிலின் மறு கோடியில் 27.5 லட்சம் பவுண்டுக்கு ஒரு கார் விற்றது. இரண்டையும் ‘நகல்’ என்றுதான் சொல்கிறார்கள். அதனால் வாங்கலாமா என்று கேட்பவர் எந்த நகல் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தொழிலில் இருப்பவர்கள் மனதுக்குள் ஒரு வரிசை வைத்திருப்பார்கள். படப்பிடிப்பில் நின்ற கார் முதலிடம். படம் வந்த காலத்திலேயே விளம்பரத்துக்காகத் தயாரிப்பாளர் சொல்லிச் செய்த கார் அடுத்தது. பிறகு, அந்தக் காரை முதலில் உருவாக்கிய கம்பெனியே பல ஆண்டு கழித்துச் செய்யும் மறுபதிப்பு. அதன் பின் உரிமம் வாங்கிய பட்டறை செய்தது. கடைசியில் உரிமம் ஏதுமில்லாமல் ரசிகரோ பட்டறையோ கட்டியது. இந்த வரிசையில் ஒரு படி இறங்கும்போது விலை பாதியாகக் குறைவதில்லை, பத்தில் ஒன்றாகிவிடுவதும் உண்டு. பார்வைக்கு இவற்றில் பலவற்றுக்கு வித்தியாசமே தெரியாது. படத்தில் வந்ததைவிட நகல் பளபளப்பாகவும் நேர்த்தியாகவும் இருப்பதுதான் வழக்கம், ஏனென்றால் படப்பிடிப்புக் கார்களை அவசரத்தில் செய்கிறார்கள், உடைப்பதற்கென்றே சிலவற்றைச் செய்கிறார்கள்.

கேமரா பட்டதற்கு எவ்வளவு விலை என்பதை ‘புல்லிட்’ மஸ்டாங் காட்டிவிட்டது. 1968-ல் ஸ்டீவ் மெக்வீன் சான் ஃபிரான்சிஸ்கோ மேடுபள்ளங்களில் ஓட்டிய அந்தப் பச்சைக் காரை 1974-ல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கிக் குடும்ப வண்டியாக வைத்திருந்தது. மெக்வீனே 1977-ல் கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமியில் மீக்கம் நிறுவனம் அதை ஏலம் விட்டபோது, கமிஷனும் சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போனது. காரின் பெயின்ட் மங்கியிருந்தது, துரு இருந்தது, இருக்கை கிழிந்திருந்தது. படப்பிடிப்பில் கேமராவைத் தாங்குவதற்காகக் காரின் அடிப்புறத்தில் வெல்டிங் செய்த பிடிகள் அப்படியே இருந்தன. அந்த அசிங்கமான வெல்டிங்தான் காரின் சான்றிதழ். ஒரு நல்ல பட்டறை அதே மாடல் மஸ்டாங்கை எடுத்து, ஹைலேண்ட் கிரீன் நிறம் அடித்து, முன் கிரில்லில் குதிரைச் சின்னத்தைக் கழற்றி, டார்க் த்ரஸ்ட் சக்கரம் மாட்டிக் கொடுத்தால் அது அசலைவிட அழகாகவே இருக்கும். ஆனால் அதன் விலையைத் தீர்மானிப்பது மெக்வீன் கிடையாது, அடியில் இருக்கும் 1968 மஸ்டாங்.

இதையே தலைகீழாகக் காட்டும் கதை ஒன்றும் உண்டு. 1986-ல் வந்த ‘ஃபெரிஸ் ப்யூலர்ஸ் டே ஆஃப்’ படத்தில் ஒரு தந்தை யாரையும் தொடவிடாமல் பாதுகாக்கும் சிவப்பு ஃபெராரி வருகிறது. 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் என்ற அந்த மாடலில் ஃபெராரி செய்ததே ஏறக்குறைய நூறு கார்கள்தான். எந்தத் தயாரிப்பாளரும் அசலைக் கொண்டுவந்து கண்ணாடிச் சுவரை உடைத்துப் பள்ளத்தில் தள்ள மாட்டார். எனவே கலிஃபோர்னியாவின் எல் கஹோன் ஊரில் இருந்த மொடீனா டிசைன் என்ற சிறு நிறுவனம் செய்த நகல்கள் படத்தில் நடித்தன. ஃபைபர் பாடி, குழாய்ச் சட்டத்தில் சேஸிஸ், உள்ளே ஃபோர்டு வி8 இன்ஜின். ஃபெராரி என்று சொல்ல அதில் ஒரு நட்டும் இல்லை. பிறகு ஃபெராரி வழக்குப் போட்டது, அந்தத் தயாரிப்பு நின்றது. இப்போது வேடிக்கை என்னவென்றால், படத்தில் நடித்த அந்தப் போலிகளுள் ஒன்று 2010-ல் பிரிட்டனில் 79,600 பவுண்டுக்கு ஏலம் போனது. மற்றொன்று 2020-ல் அமெரிக்காவில் பேரட்-ஜாக்சன் ஏலத்தில் 3.96 லட்சம் டாலரை எட்டியது. ஃபெராரியின் சொந்தக் கலிஃபோர்னியா ஸ்பைடர் ஒன்று, நடிகர் அலன் டெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்தது, 2015-ல் பாரிசில் 1.63 கோடி யூரோவுக்கு விற்றது. ஆக, நகல் என்பதாலேயே மதிப்பில்லை என்று சொல்வதும் சரியாகாது. நகலுக்குத் தனக்கென்று ஒரு வரலாறு இருந்தால் அதற்கும் ஆள் வருகிறார்கள். அதே பட்டறையில் அதே அச்சில் வார்த்து, திரையில் வராமல் போன இன்னொரு கார் இந்தக் கணக்கில் சேராது.

தொலைக்காட்சியிலும் இதற்கொரு ஜோடி உண்டு. ‘மயாமி வைஸ்’ தொடரில் ஓடிய கறுப்பு ஃபெராரி டேடோனா, செவர்லே கார்வெட்டின் மேல் ஃபைபர் பாடி மாட்டிய நகல். ஃபெராரி சண்டைக்கு வந்தது. கடைசியில் இரண்டு அசல் டெஸ்டரோசாக்களை அந்தக் கம்பெனியே கொடுக்க, மூன்றாவது பருவத்தின் தொடக்கத்தில் கதையிலேயே நகலை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். நகல் செய்பவர்மீது ஃபெராரிக்கு இருந்த கோபத்தை இதைவிடத் தெளிவாகப் படம்பிடித்திருக்க முடியாது.

விலை உயர்ந்த நகல் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஜேம்ஸ் பாண்டின் டிபி5. 1964-ல் ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்துக்காகக் கலை இயக்குநர் கென் ஆடமும் சிறப்புக் காட்சி நிபுணர் ஜான் ஸ்டியர்சும் அந்தக் காரில் சுழலும் நம்பர் பிளேட், இண்டிகேட்டருக்குப் பின்னால் இயந்திரத் துப்பாக்கி, புகைத்திரை, எண்ணெய் கொட்டும் குழாய், பறந்துபோகும் இருக்கை எல்லாவற்றையும் வைத்தார்கள். அந்தக் கருவிகளைச் சுமந்த முதல் கார் 1997-ல் ஃபுளோரிடாவின் போக்கா ரட்டோன் விமான நிலையக் கொட்டகையிலிருந்து திருடு போனது. படத்தில் சாலையில் ஓடிய மற்றொரு கார் 2010-ல் லண்டனில் ஏலம் போனது. அடுத்த படமான ‘தண்டர்பால்’ விளம்பரத்துக்காக அதே கருவிகளோடு செய்த ஒரு கார் திரையில் ஒரு நொடியும் வரவில்லை. இருந்தும் 2019-ல் மான்டரேயில் 63.85 லட்சம் டாலருக்கு விற்றது. திரையில் வராத காருக்கு எப்படி இந்த விலை? அசல் டிபி5, அந்தக் காலத்திலேயே தயாரிப்பாளர் ஆர்டர் கொடுத்துச் செய்தது, பல பத்தாண்டுகள் டென்னசியில் ஒரு கார் அருங்காட்சியகத்தில் இருந்தது, காகிதம் ஒன்றும் விட்டுப்போகவில்லை. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் விலை வேறு.

ஆஸ்டன் மார்ட்டின் 2020-ல் நியூபோர்ட் பேக்னலில் உள்ள தன் பழைய தொழிற்சாலையில் ‘கோல்ட்ஃபிங்கர்’ மறுபதிப்பு என்று வாடிக்கையாளர்களுக்காக 25 கார்கள் செய்தது. வரி நீங்கலாக 27.5 லட்சம் பவுண்டு. பாண்ட் படங்களின் சிறப்புக் காட்சி நிபுணர் கிறிஸ் கார்போல்டு கருவிகளை அமைத்தார். 4 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், ஐந்து கியர், கையால் தட்டி எடுத்த அலுமினியம் பாடி. ஒரு காருக்குச் சுமார் 4,500 மணி நேர வேலை. முன் இண்டிகேட்டருக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிக் குழல் எட்டிப் பார்க்கும், நம்பர் பிளேட் சுழலும், புகை வரும், எண்ணெய் கொட்டுவது போல ஒன்று கொட்டும். ஆனால் இந்தக் காரைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. பதிவு செய்ய வழியில்லாமல்தான் விற்றார்கள். கருவி ஏதுமில்லாத, சாலையில் தாராளமாக ஓட்டக்கூடிய 1964 டிபி5 ஒன்றை இதன் விலையில் ஒரு பகுதிக்கே வாங்கிவிடலாம். வாங்கியவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. தனியார் ஓட்டப்பாதையோ பெரிய கொட்டகையோ வைத்திருக்கும் பணக்காரருக்கு இது ஒரு பெரிய பொம்மை, அந்த அளவில் குறைசொல்ல ஒன்றுமில்லை. சேமிப்பை எடுத்துப் போடுகிறவருக்கு இது உதவாது. (அதே காரை மூன்றில் இரண்டு பங்கு அளவில், மின்சாரத்தில் ஓடும் பொம்மையாகவும் 90,000 பவுண்டுக்கு உரிமத்தோடு விற்றார்கள், அதையும் வாங்க ஆள் இருந்தது.)

2021-ல் வந்த ‘நோ டைம் டு டை’ படத்துக்குச் சண்டைக் காட்சிக் கார்களை ஆஸ்டன் மார்ட்டினே செய்து கொடுத்தது. கார்பன் ஃபைபர் பாடி, உள்ளே முழுக்க முழுக்க நவீன யந்திரம். 1964-க்கும் அதற்கும் வடிவம் தவிர உறவே கிடையாது. அவற்றில் ஒன்றை 2022 செப்டம்பரில் கிறிஸ்டிஸ் லண்டனில் அறப்பணிக்காக ஏலம் விட்டபோது 29.22 லட்சம் பவுண்டு கிடைத்தது. கையால் தட்டி எடுத்த அலுமினியக் காரைவிடப் படத்தில் இத்தாலியக் கல்தெருவில் சறுக்கிய கார்பன் கூடுக்கு அதிக விலை. திரையில் வந்த நொடிகளுக்கு ஏல அறையில் எவ்வளவு எடை என்பதற்கு இந்த இரண்டு விலைகளே போதும்.

கோடிக்கணக்கில் போகாத, ஆனால் நடுத்தர வசதியுள்ள ரசிகரின் கையைக் கடிக்கும் நகல்களில்தான் உண்மையான கேள்வி எழுகிறது. 2000-ல் வந்த ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ படத்து ‘எலனோர்’ இதற்கு நல்ல உதாரணம். 1967 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்கில் ஃபைபர் முகமும் அகன்ற சக்கர வளைவும் பக்கவாட்டு எக்ஸாஸ்டும் பொருத்தி, மிளகுச் சாம்பல் நிறமும் கறுப்புக் கோடும் அடித்த கார். படத்தில் நடித்த ஒன்று 2013-ல் 10 லட்சம் டாலருக்குப் போனதும் நகல் செய்யும் பட்டறைகளுக்கு யோகம் அடித்தது. இப்படிப்பட்ட நகலுக்குக் கொடுக்கும் பணத்தைப் பட்டறைக்காரர்கள் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அடியில் இருக்கும் பழைய கார் ஒன்று. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் போன்ற நல்ல யந்திரம் இரண்டு. ஃபைபரும் பெயின்ட்டும் ஆள்கூலியும் மூன்று. முதலாவது திரும்பி வரும். இரண்டாவதில் ஓரளவு வரும். ஆள்கூலி திரும்பி வராது. மறு விற்பனையில் முதலில் கரைவது அதுதான். வாங்குபவர் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் பார்த்து மயங்குகிறார்.

அடியில் இருக்கும் கார் எது என்பதை வண்டியே சொல்லும். ‘புல்லிட்’ படத்தின் இரண்டு கார்களின் எண்களும் ‘8ஆர்02எஸ்’ என்று தொடங்குகின்றன. 8 என்றால் 1968-ம் ஆண்டு மாடல். ஆர் என்பது சான் ஹோசே தொழிற்சாலை. 02 ஃபாஸ்ட்பேக் பாடியைக் குறிக்கும். எஸ் என்பது 390 கன அங்குல இன்ஜின். கடைசி இலக்கங்கள் மட்டும் அடுத்தடுத்தவை. நகல் என்று விற்பனைக்கு வரும் காரின் முன் சக்கரக் கவசத்துக்கு உள்பக்கத் தகட்டில் இந்த எண்ணைத் தேடிப் படித்தால், அது சாதாரண 01 ஹார்ட்டாப்பாக இருந்து பின்னால் கூரை மாற்றப்பட்டதா, சிறிய இன்ஜினோடு பிறந்து பெரிய இன்ஜின் ஏற்றப்பட்டதா என்பதெல்லாம் ஐந்து எழுத்தில் தெரிந்துவிடும். எஸ் எழுத்தோடு பிறந்த காரின் நகல், படத்து வேஷத்தைக் கலைத்தாலும் நல்ல விலைக்கு நிற்கும். மற்றதற்கு வேஷம் ஒன்றே ஆதாரம்.

அந்தக் கால மஸ்டாங்குக்கு இன்னொரு பரிசோதனையும் உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் துளைகளில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கே ஈரம் கசிந்தால் உள்ளே தகடு அரித்திருக்கிறது. அதைச் சரிசெய்ய முன்பக்கத்தை முழுக்கப் பிரித்தாக வேண்டும். பளபளக்கும் ஃபைபர் முகம் மாட்டிய எத்தனையோ நகல்கள் இந்த ஒரு வாளித் தண்ணீரில் மாட்டிக்கொள்கின்றன. ஃபைபரிலும் பார்க்க வேண்டியவை உண்டு. அவசரமாக வார்த்த ஃபைபர், பெயின்ட் அடித்த பிறகும் உள்ளே இறுகிக்கொண்டே இருக்கும். சில மாதம் வெயிலில் நின்றதும் ஒட்டுகளின் ஓரம் மேலே தெரியும், மூலைகளில் நட்சத்திரம் போல விரிசல் விழும். நல்ல பட்டறைகள் வார்த்த துண்டுகளை வெயிலிலும் சூட்டிலும் வைத்து நன்றாக இறுக விட்ட பிறகுதான் பெயின்ட் பக்கம் போகும். செய்து முடித்த மறு வாரமே காரைப் பார்ப்பவருக்கு இது தெரியாது. எனவே இரண்டு மூன்று வருடம் ஓடிய நகலைத் தேடுவது நல்லது. குறை இருந்தால் அதற்குள் வெளியே வந்திருக்கும், முதல் உரிமையாளரின் ஆள்கூலி நஷ்டமும் அவரோடு போயிருக்கும்.

டிலோரியன் தனி ரகம். வட அயர்லாந்தின் டன்மரியில் 1981 முதல் சுமார் 9,000 கார்கள் செய்தபின் கம்பெனி மூழ்கியது. 1985-ல் படம் வராமல் இருந்திருந்தால் தோல்வியடைந்த கார்களின் பட்டியலில் ஒரு வரியோடு போயிருக்கும். படத்தில் மணிக்கு 88 மைல் வேகத்தில் கால யந்திரம் இயங்கும். ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி டிலோரியனின் வேகமானி 85 மைலோடு முடிந்தது. படக்குழு அதன் முகத்தை மாற்ற வேண்டியிருந்தது. திரையில் கேட்கும் இன்ஜின் உறுமலும் போர்ஷே 928-இன் சத்தம். 130 குதிரைத்திறன் மட்டுமே உள்ள காரை வாங்கி, திரையில் கேட்ட உறுமலை எதிர்பார்ப்பவர் ஏமாறத்தான் செய்வார்.

கால யந்திர வேஷம் போட்ட டிலோரியனை வாங்குபவர் வேஷத்தையும் காரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காரின் வெளித்தகடு பெயின்ட் இல்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கீறல் விழுந்தால் உராய்வுப் பட்டையால் ஒரே திசையில் தேய்த்து மறைத்துவிடலாம். நசுங்கினால் பட்டி போட்டு மறைக்க முடியாது, ஏனென்றால் மேலே அடிக்கப் பெயின்ட்டே இல்லை. தகட்டின் மயிரிழைக் கோடுகள் கதவிலும் பக்கத்திலும் ஒரே போக்கில் ஓடுகின்றனவா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் பழைய விபத்து தெரிந்துவிடும். அடியில் சேஸிஸுக்கு எபாக்சி பூச்சு உண்டு. பூச்சு நன்றாக இருப்பதுபோல் தோன்றும், உள்ளே துரு பரவியிருக்கும். தட்டிப் பார்த்தால் சத்தம் சொல்லும். மேலே திறக்கும் கதவைத் தாங்கும் வாயு உருளை தளர்ந்திருந்தால் கதவு தலையில் இறங்கும். இவையெல்லாம் காரின் குறைகள். வேஷத்தின் குறைகள் வேறு. இன்ஜின் பின்பக்கம் இருக்கும் காரின் பின்பக்கத்திலேயே அலுமினியக் குழாய்களும் காற்றுக்கூண்டுகளும் ஏறுகின்றன. எடை இன்னும் பின்னால் சாய்கிறது, கண்ணாடியில் பின்னால் வருவது எதுவும் தெரியாது. நூற்றுக்கணக்கான சிறு விளக்குகளும் அவற்றுக்கான வயரிங்கும் பலவீனமான பழைய ஆல்டர்னேட்டரின் மேல் ஏறுகின்றன. ஃபியூஸும் ரிலேயும் தனியாக இல்லாமல் காரின் வயரிங்கிலேயே இழுத்து மாட்டியிருந்தால் அந்தக் காரை வாங்காமல் இருப்பதே மேல்.

படத்தில் கார் மேல் உட்கார்ந்திருக்கும் ‘மிஸ்டர் ஃப்யூஷன்’ கருவி உண்மையில் குரூப்ஸ் கம்பெனியின் காபிக் கொட்டை அரைக்கும் மெஷின். அதே மாடலைத் தேடி ரசிகர்கள் உலகம் முழுக்க அலைகிறார்கள். ஒரே படத்தைப் பார்த்து ஒருவர் பிளாஸ்டிக் அச்சில் வார்த்த துண்டை ஒட்டுவார். இன்னொருவர் அந்தப் பழைய மெஷினைத் தேடிப் பிடிப்பார், விமானக் கழிவுக் கடைகளில் அதே சுவிட்சை வாங்கிப் பொருத்துவார். இரண்டாமவரின் காரை ரசிகர்கள் உடனே அடையாளம் காண்பார்கள், விலையும் கொடுப்பார்கள். வெளியாளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே இந்தக் காரைத் திருப்பி விற்கும்போது வாங்க வருபவர் ரசிகராகவே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சந்தை சின்னது. மூன்றாம் பாகத்தில் நடித்த கார் ஒன்று 2011-ல் 5,41,200 டாலருக்குப் போனதைக் காட்டித் தன் நகலுக்கு விலை பேசுபவரிடம் பேரம் பேசிப் பிரயோசனமில்லை.

சில நகல்களின் நிலை இதிலிருந்து மாறுபட்டது. ஃபோர்டு ஜிடி40, ஷெல்பி கோப்ரா இரண்டிலும் அசல் மிகக் குறைவு, விலை எட்டாத உயரம், ஓட்டுவதும் கஷ்டம். 2019-ல் வந்த ‘ஃபோர்டு வர்சஸ் ஃபெராரி’ படத்தில் சூப்பர்ஃபார்மன்ஸ் என்ற பெயரில் விற்கும் ஜிடி40, கோப்ரா நகல்கள் ஓடின. தென்னாப்பிரிக்காவில் செய்து அமெரிக்காவில் இன்ஜின் பொருத்தும் இந்தக் கார்கள் அசலின் அளவுகளை அப்படியே பின்பற்றுகின்றன. இவற்றை வாங்குபவர்கள் பந்தயப் பாதையில் ஓட்டுகிறார்கள், இடித்தால் பாகம் வாங்கி மாற்றுகிறார்கள். கோப்ராவில் அசல் ஆயிரம் அளவுக்கே இருக்க, நகல் எத்தனையோ மடங்கு. நகல் என்பதை யாரும் மறைப்பதில்லை. இந்த வகைக்குச் சந்தை பெரிது, பாகம் கிடைக்கும், பட்டறை கிடைக்கும். சினிமா நகல்களில் பணத்துக்கு ஈடாக ஏதாவது கையில் கிடைக்கும் என்றால் அது இங்கேதான்.

உரிமம் என்ற விஷயத்தைப் பலர் அலட்சியமாக நினைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் கோத்தம் கராஜ் என்ற பெயரில் ஒருவர் பேட்மொபைல் நகல்களைச் சுமார் 90,000 டாலருக்கு விற்றுவந்தார். டிசி காமிக்ஸ் வழக்குப் போட்டது. 2015-ல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பேட்மொபைல் வெறும் கார் அல்ல, கதாபாத்திரம், அதற்குப் பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்தது. அந்தத் தீர்ப்பு வகுத்த மூன்று சோதனைகளையே பின்னர் எலனோருக்கும் வைத்துப் பார்த்தார்கள். ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ கதையின் 1974-ல் வந்த மூலப்படத்தை எடுத்த ஹாலிக்கியின் மனைவி பல ஆண்டுகளாக எலனோர் நகல் செய்பவர்கள்மீது உரிமை கோரிவந்தார். 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றம், படத்துக்குப் படம் நிறமும் மாடலும் மாறும் எலனோர் கதாபாத்திரமாகாது என்று முடிவு சொன்னது. வாங்குபவருக்கு இதில் என்ன? உரிமமில்லாத பட்டறை வழக்கில் மாட்டி மூடினால் முன்பணம் போகும், பாதியில் நிற்கும் கார் நிற்கும், உதிரி பாகத்துக்கு ஆள் இருக்காது. பேட்மொபைல் போன்ற கார்களை உரிமத்தோடு செய்தவரிடமே வாங்க வேண்டும். மஸ்டாங் வேஷங்களில் அந்தக் கவலை இப்போது குறைந்திருக்கிறது.

பதிவுச் சட்டம் இன்னொரு முடிச்சு. அமெரிக்காவில் 2015-ல் கொண்டுவந்த ஒரு சட்டம், குறைந்தது 25 ஆண்டு பழைய கார்களைப் போன்ற நகல்களைச் சிறு தயாரிப்பாளர்கள் ஆண்டுக்கு 325 வரை செய்து விற்கலாம் என்றது. நவீனப் பாதுகாப்பு விதிகள் பலவற்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அசல் காரின் வடிவ உரிமை வைத்திருப்பவரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும், இன்ஜின் புகை விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும். நடைமுறை விதிகள் 2021-ல்தான் வந்தன. சொந்தமாகக் கட்டிய கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் புகைச் சோதனை விலக்கு ஆண்டுக்கு முதல் 500 விண்ணப்பங்களுக்கே கிடைக்கும். பிரிட்டனில் புதிதாகக் கட்டிய கிட் கார் ஐ.வி.ஏ. சோதனையில் தேற வேண்டும். வயதையும் மூலத்தையும் நிரூபிக்க முடியாத வண்டிக்குக் கியூ எழுத்தில் தொடங்கும் எண் விழும், அது மறு விற்பனையில் விலையைக் குறைக்கும். பழைய காரின் காகிதத்தைப் புது நகலுக்கு ஒட்டி விற்பது இந்தத் தொழிலின் பழைய நோய். சேஸிஸ் எண்ணும் பதிவுப் புத்தகமும் ஒத்துப்போகாத காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது, ஏனென்றால் பதிவு ரத்தானால் அது ஓட முடியாத பொருள்.

வாங்கிய பிறகு வரும் செலவு வாங்கும்போது யாரும் கணக்கில் எடுக்காதது. காப்பீட்டு நிறுவனங்கள் சாதாரணமாகச் சந்தை மதிப்பையே பார்க்கும். அடியில் இருக்கும் பழைய காரின் மதிப்பைச் சொல்லி வேஷத்தை விட்டுவிடுவார்கள். இருவரும் முன்கூட்டியே தொகை ஒப்புக்கொள்ளும் பாலிசியை எடுத்து, கட்டிய பில்களையும் புகைப்படங்களையும் அதோடு இணைத்தால்தான் விபத்தில் நகலின் விலை கிடைக்கும். ரசிகர் மாநாடு, விளம்பரப் படம், திருமணம் என்று வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்று பலரும் நினைப்பார்கள். வாடகை என்றதும் சாதாரண பாலிசி செல்லாது, வணிகப் பாலிசி வேண்டும். படத்தின் பெயரையோ சின்னத்தையோ போட்டு விளம்பரம் செய்தால் படக் கம்பெனி வக்கீல் கடிதமும் வரும். வாடகைக்கு ஓடும் கார் சீக்கிரம் தேய்கிறது. விளக்கும் புகையும் சுழலும் பிளேட்டும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் யாராவது அமுக்கிப் பார்ப்பதால் முதலில் அவையே பழுதாகும். யானையைக் கட்டித் தீனி போடுவது போலத்தான் இந்த வாடகைத் தொழில், கோயில் திருவிழா இருக்கும்வரை கணக்கு ஒத்துவரும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் முதலீடு என்று நினைத்து விலை உயர்ந்த சினிமா நகலை வாங்குவது காசைக் கரியாக்குவது. ஓட்டவும் பார்க்கவும் நாலு பேர் கூடிப் பேசவும் வாங்குகிறவருக்குச் சில நகல்கள் தகும்: நல்ல மாடலாகப் பிறந்த மஸ்டாங்கில் கட்டிய ‘புல்லிட்’, உரிமமும் சந்தையும் உள்ள ஜிடி40, கோப்ரா, வேஷத்தைக் கழற்றி மீட்டெடுக்கக்கூடிய டிலோரியன். வேஷத்தை மீட்க முடியுமா என்பதை மறக்கவே கூடாது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் புகழில் 1969 டாட்ஜ் சார்ஜர்களை ஆரஞ்சு நிறமடித்து அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் தென்மாநிலக் கொடி வரைந்தவர்கள் ஏராளம். பின்னால் அந்தக் கொடியின் அரசியல் மாறியது, பழைய சார்ஜரின் விலை தன் போக்கில் ஏறியது. இப்போது ஆரஞ்சைச் சுரண்டிப் பிறந்த நிறத்துக்குத் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். படத்தின் ரசிகர்களுக்கு வயதாகும்போது படக்காரின் விலை இறங்கும், ஆனால் மூலக் காருக்கு வேறு தலைமுறையிலும் ஆள் இருப்பார்கள்.

ஆகவே நகலைக் கட்டக் கொடுப்பவர் பட்டறைக்குக் கார் போன அன்றே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். பாடியை வெட்டும் இடங்களை முன்பே ஒப்புக்கொள்வது, ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம் எடுப்பது, பில்லைக் காரின் சேஸிஸ் எண்ணோடு எழுதி வாங்குவது, உரிமச் சான்றிதழ் இருந்தால் அசலைத் தன்னிடம் வைத்துக்கொள்வது. விற்கும்போது விளம்பரத்தில் நகல் என்ற சொல்லைத் தயங்காமல் போட வேண்டும். பெரிய ஏல நிறுவனங்கள் அதைத்தான் கேட்கின்றன, மறைத்தால் பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கு வரும். கழற்றிய பழைய இருக்கை, கிரில், வேகமானி, ஸ்டியரிங் ஆகியவற்றைப் பட்டறையில் விட்டுவிடாமல் பெட்டியில் போட்டுக் காரோடு கொடுத்தால், படத்தில் ஆர்வமில்லாத மஸ்டாங்காரரும் டிலோரியன்காரரும் அந்தக் காருக்கு விலை கேட்க வருவார்கள்.